அறுபதாம் லெவலும் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலும்

1

போன வாரம் எனக்கு மின்னஞ்சலில் ஒரு வாழ்த்து வந்தது. ‘அன்புள்ள காங்கேயன், நீங்கள் எங்களோடு சேர்ந்து இன்றோடு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் வளர்ச்சியைப் பாராட்டி ஒரு நாய்க்குட்டியைப் பரிசாக அனுப்பியிருக்கிறோம்’ என்று எழுதியிருந்தார்கள்.

நான் அமெரிக்காவுக்கு வந்து எட்டு வருஷமாகிறது. இந்த எட்டு வருஷத்தில் ‘உங்கள் வளர்ச்சி’ என்ற சொல்லைப் போட்டு எனக்குக் கடிதம் எழுதியவர்கள் இவர்கள் மட்டும்தான். மற்றதெல்லாம் ‘உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, காத்திருக்கவும்’ வகை. அதனால் நாய்க்குட்டியைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது கம்ப்யூட்டர் திரைக்குள் வாலாட்டுகிற நாய்க்குட்டி என்பதைச் சொல்லிவிட வேண்டும். சோறு கேட்காது, அப்பார்ட்மென்ட் ஆபீசில் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

காங்கேயன் நான்தான். ஆயிரக்கணக்கான பேர் அவரவர் வீட்டிலிருந்தபடியே இணையம் வழியாக ஒரே உலகத்துக்குள் புகுந்து, ஆளுக்கொரு வேஷம் கட்டி ஆடுகிற விளையாட்டு அது. என் வேஷத்துக்குச் சொந்த ஊரின் பெயரை வைத்தேன். கூட ஆடும் அமெரிக்கர்களுக்கு வாயில் நுழையாமல் ‘கேங்கி’ என்று சுருக்கிவிட்டார்கள். காங்கேயம் காளைக்கு நியூஜெர்ஸியில் வந்த கதி இது. காங்கேயன் அறுபதாம் லெவல் வைத்தியன். கோலை நீட்டினால் அடிபட்டுக் கிடப்பவன் எழுந்து நிற்பான். அவனை ஆட்டுவிக்கும் எனக்கு வயது நாற்பத்து நான்கு. தொந்தி உண்டு, கொலஸ்ட்ரால் உண்டு, பயம் வந்தால் விக்கல் வரும். மெட்ராஸ் கான்சுலேட்டில் விசா அதிகாரி முன்னால் விக்கி விக்கித்தான் ‘ஐ வில் கம் பேக்’ என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

இதைச் சிரிக்கச் சிரிக்க எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நாய்க்குட்டிக்குப் பெயர் வைக்கப் போன நேரத்தில் மவுஸில் பேட்டரி தீர்ந்துபோனது. பேட்டரி தேடிச் சமையலறை இழுப்பறையைத் திறந்தேன். அங்கே கிடந்த ஒரு பொருள் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நான் அறுபதாம் லெவலுக்கு எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பெருமையடிக்க எனக்கு வேறு விஷயம் கிடையாது.

2

2001-இல் நானும் மனைவி கோமதியும் ஐந்து வயது மகள் வர்ஷாவும் நியூஜெர்ஸியில் மான்மவுத் ஜங்ஷனில் வந்து இறங்கினோம். கோமதி ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக ஆறு வருஷம் வேலை பார்த்தவள். அவள் ஊசி போட்டு ரத்தம் எடுத்தால் குழந்தைகூட அழாது என்று பெயர். இங்கே என் விசாவின் வாலைப் பிடித்து வந்தவள் என்பதால் அவள் வேலைக்குப் போகக் கூடாது. எனக்குப் பச்சை அட்டைக்கான, அதாவது நிரந்தரமாகத் தங்க விடும் கிரீன் கார்டுக்கான, கடைசி விண்ணப்பத்தைப் போட்டுவிட்டால் போதும், அட்டை வருவதற்கு முன்னாலேயே அவளுக்கு வேலை செய்ய அனுமதிச் சீட்டு கிடைத்துவிடும். ‘ரெண்டு வருஷம் பொறுத்துக்க’ என்றேன். அவளும் சரி என்று தன் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டியின் மேல்மடிப்பில் வைத்தாள்.

வந்த வருஷமே வேலைகள் உதிர ஆரம்பித்தன. என்னை அனுப்பிய கம்பெனி ஐந்து மாதம் என்னைச் சும்மா உட்கார வைத்தது. அந்த நாட்களில்தான் கூட இருந்த ஒருவர் இப்படி ஒரு விளையாட்டைக் காட்டினார். அதில் எனக்கு ஒரு மொட்டைக் கத்தியைக் கொடுத்து ஒரு நிலவறையில் எலி பிடிக்க விட்டார்கள். மாஸ்டர் டிகிரி படித்துவிட்டு எலி அடித்தேன். பதினோரு எலிகள் செத்ததும் திடீரென்று என்னைச் சுற்றிப் பொன்னிறமாக ஒளி சுழன்றது. மேளம் போல ஒரு சத்தம் கேட்டது. ‘வாழ்த்துகள், நீங்கள் இரண்டாம் லெவலை அடைந்தீர்கள்’ என்று எழுத்து வந்தது.

பிளஸ் டூ மார்க் ஷீட் வாங்கிய நாளுக்குப் பிறகு யாரும் என்னை அப்படி வாழ்த்தியதில்லை. எழுந்து நின்றுவிட்டேன். கோமதி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, வேலை கெடச்சிருச்சுங்களா?”

“இல்ல புள்ள. எலி செத்துருச்சு.”

“நம்மூட்லயா?” என்று அவள் துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

3

அடுத்த வருஷம் நிலையான வேலை கிடைத்தது. கம்பெனி வக்கீல் பச்சை அட்டைக்கு முதல் படி விண்ணப்பத்தைப் போட்டார். அதில் என் வேலை ‘புரோகிராமர் அனலிஸ்ட்’. நான் என்ன செய்வேன், என்ன செய்ய மாட்டேன் என்று ஒரு பத்தி. அந்தப் பத்தியும் நானும் ஒன்று. பத்தி மாறினால் விண்ணப்பம் செத்துப்போகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்றாம் வருஷம் மேனேஜர் கூப்பிட்டு, “டீம் லீட் ஆகிக்கொள்கிறாயா?” என்று கேட்டார். எனக்கு விக்கல் எடுத்தது. மகிழ்ச்சியில் என்று அவர் நினைத்துக்கொண்டார். வக்கீலுக்குப் போன் போட்டேன். ‘லீட் என்ற சொல்லே வரக் கூடாது’ என்றார். மறுநாள் போய், “நன்றி, எனக்குப் பொறுப்பு பிடிக்காது” என்று பொய் சொன்னேன். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. நான் வேலை சொல்லிக்கொடுத்த பையன் லீட் ஆனான். அவன் போன பிறகு அவன் சொல்லிக்கொடுத்த பெண் லீட் ஆனாள். நான் அந்தப் பத்திக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யார் யார் கடைசி விண்ணப்பம் போடலாம் என்று அரசாங்கம் மாதாமாதம் ஒரு பட்டியல் வெளியிடும். எந்தத் தேதிக்கு முன்னால் முதல் படி ஏறியவர்கள் இப்போது வரலாம் என்று அதில் இருக்கும். அந்தத் தேதி ஒரு மாதத்தில் இரண்டு வாரம் முன்னால் போகும். அடுத்த மாதம் மூன்று வருஷம் பின்னால் போகும். எலி விளையாட்டிலாவது செத்தால்தான் புள்ளி குறையும். இங்கே உயிரோடு இருக்கும்போதே குறைந்தது.

அப்போது நான் இரண்டாவது விளையாட்டுக்குத் தாவியிருந்தேன். அது விண்வெளிக் கப்பல் ஓட்டுவது. அதில் ஒரு வித்தையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் நாம் தூங்கினாலும் ஆபீஸ் போனாலும் அது தானாக ஏறிக்கொண்டே இருக்கும். ‘இன்னும் மூன்று நாள், நான்கு மணி, பன்னிரண்டு நிமிடம்’ என்று கடிகாரம் காட்டும். சொன்னபடி அந்த நிமிடத்தில் முடியும். ஆபீசிலிருந்து வந்ததும் ஷூவைக் கழற்றாமல் போய் அந்தக் கடிகாரத்தைப் பார்ப்பேன். என் வாழ்க்கையில் சொன்ன நேரத்துக்கு நகர்ந்தது அது ஒன்றுதான். இரண்டு வருஷத்தில் பெரிய சரக்குக் கப்பல் ஒன்றுக்குத் தலைவனானேன். கோமதியின் சான்றிதழ்கள் பெட்டி மடிப்பிலேயே இருந்தன. அவளுக்குக் காட்ட என்னிடம் கடிகாரம் எதுவும் இல்லை.

4

மூன்றாவது விளையாட்டுதான் காங்கேயனுடையது. இதில் தனியாக ஆடினால் அறுபது லெவல்வரை வரலாம். அதற்குப் பிறகு இருபத்தைந்து பேர் கூட்டமாகச் சேர்ந்து போனால்தான் பெரிய அரக்கர்களை வெல்ல முடியும். நான் சேர்ந்தது குடும்பஸ்தர்களும் ரிட்டயர் ஆனவர்களும் இருந்த கூட்டம். எல்லோரும் நேரத்தோடு படுக்கப் போகிறவர்கள். ஆகவே எங்கள் படையெடுப்பு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. முன்னால் நின்று அடி வாங்குகிறவர் வால்ட். ஒஹாயோவில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவர் பின்னால் நின்று அவரைச் சாகாமல் காப்பாற்றுவது என் வேலை.

எல்லோரும் காதில் ஹெட்போன் மாட்டிப் பேசிக்கொண்டே ஆட வேண்டும். முதல் நான்கு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. ஆபீஸ் மீட்டிங்கில் எப்படியோ அப்படி. ஒருநாள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் ஓடிச் செத்துக்கொண்டிருந்தபோது தாங்க முடியாமல், “டூ ஒன் திங்!” என்று கத்திவிட்டேன். கப்பென்று அமைதி. “எல்லாரும் வால்ட் பின்னாடி வாங்க, இடது பக்கம் வேண்டாம்” என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். வந்தார்கள். அரக்கன் செத்தான். அடுத்த வாரம் வால்ட், “கேங்கி, டெல் அஸ் த ஒன் திங்” என்றார். அதன் பிறகு அது எங்கள் கூட்டத்தின் கோஷமாகிவிட்டது. ஒன்றுக்குப் பத்து சொன்னாலும் ‘டூ ஒன் திங்’ என்றுதான் தொடங்க வேண்டும். ஒரு வருஷத்தில் என்னைத் தலைவனாக்கினார்கள். இந்த முறை வக்கீலைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நான் மாறினேன், உண்மையாகவே மாறினேன். அழுகிறவனை எப்படிப் பேச வைப்பது, தப்பு செய்தவனை எல்லோர் முன்னாலும் திட்டாமல் எப்படித் திருத்துவது, எப்போது ‘போதும், இன்றைக்குத் தோற்றுவிடலாம்’ என்று சொல்வது, எல்லாம் அங்கேதான் படித்தேன். கான்சஸில் ஒரு நர்ஸ், கணவரிடமிருந்து பிரிந்த நாட்களில், சனிக்கிழமை என் குரல் கேட்டால் நிம்மதியாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள். விக்கல்கூட அங்கே வராது.

வர்ஷாவுக்கு அப்போது பதினொன்று. தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில். ஒரு சனிக்கிழமை சீரியல் கிண்ணத்தோடு என் நாற்காலிக்குப் பின்னால் நின்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்பா, யூ சே ‘குட் ஜாப்’ எ லாட்.”

“ஆமா கண்ணு, அப்பா லீடர் இல்ல?”

“டு தெம்” என்றாள். கிண்ணத்தைக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அது என் காதில் விழுந்தது. வால்ட்டுக்கு உயிர் குறைந்துகொண்டிருந்தது. கோலை நீட்டினேன்.

5

2007 கோடையில் அந்த மாதாந்திரப் பட்டியலில் ஒரு அதிசயம் நடந்தது. எல்லாத் தேதிகளும் திறந்துவிட்டன. வரிசையில் நின்ற அத்தனை பேரும் கடைசி விண்ணப்பம் போடலாம், சில வாரத்துக்குத்தான், பிறகு மூடிவிடுவார்கள். நியூஜெர்ஸி முழுக்க எங்கள் ஆட்கள் பாஸ்போர்ட் போட்டோவுக்கு அலைந்தார்கள். தாலுகா ஆபீசில் பிறப்புச் சான்று வாங்க ஊரில் மாமன் மச்சான்களை ஓட விட்டார்கள். என் மாமனார் காங்கேயத்திலிருந்து தாராபுரத்துக்கு நாலு நடை நடந்து கோமதியின் பிறப்புச் சான்றை வாங்கிக் கூரியரில் அனுப்பினார்.

மிச்சம் இருந்தது மருத்துவப் பரிசோதனை. அதற்கென்று அரசாங்கம் குறித்து வைத்த டாக்டரிடம்தான் போக வேண்டும். கையில் காசநோய்க்கு ஒரு சின்ன ஊசி போடுவார்கள். இரண்டிலிருந்து மூன்று நாளுக்குள் திரும்பிப் போய்க் காட்ட வேண்டும். ஊசி போட்ட இடம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அவர் அளந்து எழுதுவார். நம் ஊரில் சின்ன வயதில் தடுப்பூசி போட்ட எல்லோருக்கும் தடிக்கும். தடித்தால் எக்ஸ்ரே. அவ்வளவுதான். ஆனால் மூன்று நாள் தாண்டினால் ஊசி செல்லாது, மறுபடி முதலிலிருந்து.

எங்கள் மூன்று பேருக்கும் வியாழக்கிழமை ஊசி போட்டார்கள். சனிக்கிழமை பன்னிரண்டுக்குள் வரச் சொன்னார்கள். ஞாயிறு விடுமுறை.

சனிக்கிழமை பத்தே முக்காலுக்குக் கோமதி செருப்புப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

“ஏனுங்க, கெளம்பலாமுங்களா?”

“பத்து நிமிசம் புள்ள. இந்த அரக்கன் இன்னிக்குச் சாவப் போறான். மூணு மாசமா அடிக்கறோம்.”

“போயிட்டு வந்து அடிங்க.”

“இருவத்தஞ்சு பேரு காத்துட்டிருக்காங்க. நான் எந்திரிச்சா எல்லாரும் செத்துருவாங்க.”

அவள் வர்ஷாவைக் கூப்பிட உள்ளே போனாள். பதினொரு மணிக்கு இன்னொரு முறை வந்தாள். நான் கையைக் காட்டினேன். பத்து விரல். அதற்குப் பிறகு வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. குப்பை கொட்டப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். குப்பையை நான்தான் கொட்டுவேன் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

அரக்கன் செத்தான். எல்லோரும் கத்தினார்கள். அவன் உடம்பிலிருந்து ஒரு வெள்ளை அங்கி கிடைத்தது. வைத்தியர்களுக்கான அங்கி, அதுவரை எங்கள் கூட்டத்தில் யாருக்கும் கிடைக்காதது. எனக்கே கொடுத்தார்கள். காங்கேயன் அதைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி நின்றான். மணியைப் பார்த்தேன். பன்னிரண்டு ஐந்து.

அப்போதுதான் விக்கல் ஆரம்பித்தது. வீட்டில் யாரும் இல்லை. ஒரே கார், அது வாசலில் நின்றது; கோமதிக்கு ஓட்டத் தெரியாது. ஹெட்போனைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு ஓடினேன், ஒயர் பின்னால் இழுபட்டது. ஒரு காலில் கோமதியின் செருப்பு, ஒரு காலில் என்னுடையது. சிவப்பு விளக்கில் நின்ற பக்கத்துக் காரிலிருந்து ஒரு குழந்தை என்னைப் பார்த்துக் கை அசைத்தது. எங்கள் வீட்டிலிருந்து அந்த கிளினிக் இரண்டு மைல். ரூட் ஒன்று என்கிற பெரிய ரோட்டின் ஓரமாகத்தான் போக வேண்டும். அதில் நடைபாதை கிடையாது. லாரிகள் போகும். அந்த ரோட்டில் மனிதர்கள் நடந்து நான் பார்த்ததில்லை.

அவர்கள் நடந்திருந்தார்கள். கிளினிக் பூட்டியிருந்தது. வாசல் சிமென்ட் திட்டில் கோமதியும் வர்ஷாவும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் முகமும் சிவந்து கிடந்தது. கோமதி மடியில் இரண்டு தாள்கள். அவளுடையது ஒன்று, வர்ஷாவுடையது ஒன்று.

“டாக்டர் போயிட்டாரா?” என்றேன், விக்கிக்கொண்டே.

“ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு நல்ல பொண்ணுங்க. வீட்டுக்காரர் வந்துட்டே இருக்காரு, பத்து நிமிசம்னு சொன்னேன். டாக்டரும் கோட்டக் கழட்டாம பத்து நிமிசம் உக்காந்திருந்தாருங்க.” நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “நீங்க சொன்ன அதே பத்து நிமிசந்தானுங்க நானும் சொன்னேன்.”

வர்ஷா என் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைப் பார்த்தாள். என் கால்களைப் பார்த்தாள்.

“டிட் யூ வின்?”

கேலி இல்லை அதில். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் “ம்” என்றேன்.

6

வீட்டுக்கு வந்ததும் கோமதி என்னைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்துக் கையை நீட்டச் சொன்னாள். ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்து, தடிப்பை நோக்கித் தோலின்மேல் மெல்ல இழுத்துக்கொண்டு வந்தாள். பேனா தடுக்கி நின்ற இடத்தில் ஒரு புள்ளி. மறுபக்கத்திலிருந்து அதேபோல் இன்னொன்று. பிறகு வர்ஷாவின் பென்சில் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தாள். ஆறு வருஷமாகச் செய்யாத வேலை. ஒரே தடவையில் அளந்து முடித்தாள்.

“பன்னண்டு மில்லிமீட்டர். பாசிட்டிவ். எக்ஸ்ரே எடுக்கோணும்.”

“அதையே எழுதி ஒரு கையெழுத்துப் போடு புள்ள” என்றேன். நெருக்கடியில் ஜோக் அடிப்பது என் வியாதி.

“என் கையெழுத்து இந்த ஊர்ல செல்லாதுங்க” என்றாள். “அது செல்லோணும்னுதான் உங்களப் போகச் சொன்னேன்.”

ஸ்கேலைக் கழுவித் துடைத்துப் பென்சில் பெட்டியில் வைத்தாள்.

மறு வாரம் எடிசனிலிருந்து பிரின்ஸ்டன் வரைக்கும் பதினான்கு கிளினிக்குக்குப் போன் செய்தேன். எல்லா இடத்திலும் நம் ஆட்கள் நிரம்பியிருந்தார்கள். கடைசியில் டெலவேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியாவில் ஒரு டாக்டர் கிடைத்தார். புது ஊசி, புது இரண்டு நாள், தடிப்பு, எக்ஸ்ரே, அதன் அறிக்கை. முழுக் கட்டும் வந்தால்தான் அனுப்புவேன் என்று கம்பெனி வக்கீல் ஒரு வெள்ளிக்கிழமையைக் கெடுவாகச் சொல்லியிருந்தார். என் தாள் திங்கட்கிழமை வந்தது. அரசாங்கம் கதவை மூடியது. விண்ணப்பதாரர் நான். என் தாள் இல்லாமல் அவர்கள் இரண்டு பேரின் தாளுக்கும் மதிப்பில்லை. அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் தேதி திறக்கவில்லை.

நான் வெட்கப்படுவது அந்தப் பத்து நிமிஷத்துக்கு மட்டும் என்றால் இந்தக் குறிப்பை எழுதியிருக்க மாட்டேன். அதற்குப் பிறகு செய்தது ஒன்று இருக்கிறது.

நண்பர்கள் வீட்டு விருந்தில், எல்லோரும் விண்ணப்பம் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, “எங்க டாக்டர் சொன்ன நேரத்துக்கு முன்னாடியே பூட்டிட்டுப் போயிட்டாங்க, அதான் போச்சு” என்றேன். கோமதி சப்பாத்தி பரிமாறிக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்தவர் தட்டுக்குப் போனது. அவள் வாய் திறக்கவில்லை என்பதால் அந்தக் கதை நின்றுவிட்டது. போனில் மாமனாரிடமும் அதையே சொன்னேன். நாலு நடை நடந்தவர் அவர். எனக்காகப் பத்து நிமிஷம் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் மேல் பழியைப் போட்டேன்.

மாமனார் அந்த டாக்டரை மறக்கவே இல்லை. இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில், மழை, தேங்காய் விலை எல்லாம் முடிந்த பிறகு, “மாப்ளே, அந்த டாக்டரு இன்னும் அங்கயேதான் இருக்கறானா?” என்று கேட்பார். “இருக்கறானுங்க மாமா” என்பேன். “திருந்துனானா?” என்பார். “எங்கீங்க மாமா” என்பேன். பிறகு போனை வைப்பார்.

மூன்று வாரம் விளையாட்டை நிறுத்தியிருந்தேன். திரும்பிப் போனதும் வால்ட் எங்கே போனாய் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன், ஏனென்றால் அவர் என் ஊர்க்காரர் இல்லை.  அப்புறம் சொன்னார்: “கேங்கி, நீ எழுந்து போயிருக்கலாமே. நாங்கள் செத்திருப்போம். அதனால் என்ன? நாங்கள் வாராவாரம்தானே சாகிறோம்.”

7

இழுப்பறையில் கிடைத்ததைச் சொல்கிறேன் என்றேன். ரப்பர் பேண்டுகளுக்கும் பழைய சாவிகளுக்கும் நடுவில் ஒரு சின்ன நீல டப்பா. உள்ளே சட்டையில் குத்துகிற பொன்னிறப் பின். அதில் ‘ஐந்நூறு மணி நேரம்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது.

கோமதி இரண்டு வருஷமாகப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குச் சம்பளமில்லாத தொண்டராகப் போய்வருகிறாள் என்று எனக்குத் தெரியும். வார நாளில் ஏதோ போகிறாள், வருகிறாள் என்ற அளவில் தெரியும். டப்பாவைத் தூக்கிக் காட்டி, “இது என்ன புள்ள?” என்றேன்.

“அதுங்களா? ஐந்நூறு மணி நேரம் ஆனா குடுப்பாங்க. ஏப்ரல்ல ஒரு சின்ன விழா வெச்சாங்க. காபி, கேக்கு. பேரு சொல்லிக் கூப்புட்டு எல்லாரும் கை தட்டுனாங்க.”

“எங்கிட்டச் சொல்லவே இல்ல?”

“சனிக்கெழம காலைல பத்து மணிங்க” என்றாள். குற்றம் சொல்லும் குரலில் இல்லை, பஸ் நேரம் சொல்வது போல. “உங்களுக்கு வேல இருக்கும்னு கூப்புடல. வர்ஷா வந்தா.”

அங்கே என்ன செய்கிறாள் என்று முதல் முறையாகக் கேட்டேன். நோயாளிகளை வீல்சேரில் தள்ளிப் போவாளாம். மூடி போட்ட ரத்தக் குழாய்களை ஒரு பையில் வைத்து லேப் ஜன்னல்வரை கொண்டுபோய்க் கொடுப்பாளாம். உள்ளே போகக் கூடாது. “கண்ணாடி வழியா மிஷினெல்லாம் பாப்பனுங்க. எல்லாம் புதுசு. ஆனா கலரு பாத்தாலே எனக்குத் தெரியும், எந்தக் குழாய் எந்த டெஸ்ட்டுக்குன்னு.” சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கு அந்த நேரத்தில் எலி அடித்த நாள் ஞாபகம் வந்து தொலைத்தது.

எட்டு வருஷத்தில் மூன்று உலகங்களில் ஒரு மனிதனை வளர்த்திருக்கிறேன். பொறுமையானவன், பயப்படாதவன், பின்னால் நிற்பவர்களைச் சாகவிடாதவன். அவனை நான் ஒருநாளும் வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை.

இதையெல்லாம் எழுதி முடித்துக் கோமதியிடம் கொடுத்தேன். இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கு வருவது போலவே என் மாமனார் வீட்டுக்கும் மாதாமாதம் போகிறது. அட்டைமுதல் அட்டைவரை படிப்பார். அச்சில் வந்தால் டாக்டர் கதை அன்றோடு முடிந்தது. அதனால் அவள் படித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று உள்ளூர ஒரு நம்பிக்கை. அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள். பேனாவைக் கேட்டாள்.

“பன்னண்டு இல்லீங்க. பதிமூணு மில்லிமீட்டர்.”

“அது மட்டுந்தானா?”

“மத்ததெல்லாம் செரிங்க. அனுப்புங்க.”

“உங்கப்பா படிப்பாரே புள்ள. டாக்டர் மேல தப்பில்லன்னு தெரிஞ்சுருமே.”

அவள் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். “எங்கப்பனுக்கு அன்னிக்கே தெரியுமுங்க. அன்னிக்குச் சாயந்திரமே போன் பண்ணி அழுதேன்.”

எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து நின்றன. தேங்காய் விலை, மழை, அதற்குப் பிறகு அந்தக் கேள்வி. அவர் யாரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார், நான் யாரைப் பற்றி ‘எங்கீங்க மாமா’ என்று வாரம் தவறாமல் ஒப்புக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. போன் வந்தது. மழை இல்லை என்றார். தேங்காய் விலை இறங்கிவிட்டது என்றார்.

“மாப்ளே, அந்த டாக்டரு இன்னும் அங்கயேதான் இருக்கறானா?”

விக்கல் வந்துவிட்டது. “இங்கயேதானுங்க மாமா இருக்கறேன்” என்றேன்.

  மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“செரி செரி. தண்ணி குடிங்க மொதல்ல. புள்ளைக்கு ஆயிரம் மணி நேரம் ஆச்சுன்னா சட்டைல அடுத்த வில்ல குத்துவாங்களாமே. அன்னிக்காவது பத்து மணிக்கு வந்து சேரச் சொல்லுங்க அவன.”